பழசா? புதுசா? – ஒரு கேமரா வழக்கு

– இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை



நம் சங்க மலரைப் புரட்டினால் நட்பைப் பற்றி நாலு கட்டுரை, வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி இரண்டு, வரதட்சணையைப் பற்றி ஒன்று கட்டாயம் இருக்கும். நான் இந்த ஆண்டு ஒரு கேமராவைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "மலர்ல எழுத வேற விஷயமே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து கடைசிப் பத்தி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு தை மாத முகூர்த்தங்கள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு என் ஹாஸ்டல் அறை நண்பன் ஒரு நாள் இரவு என்னை எழுப்பினான். சனி, ஞாயிறுகளில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாகக் கல்யாணங்களுக்குப் போய் வருபவன் அவன். லைட் பிடிப்பான், பை தூக்குவான், சில சமயம் படமும் எடுப்பான்.

"மச்சான், சொந்தமா கேமரா இருந்தா தனியா அனுப்புறேன்னு முதலாளி சொல்லிட்டாரு. கூலியும் ஜாஸ்தி. சோனி 6400 வாங்கப் போறேன். தவணையில."

"ஏன்டா, 6000 செகண்ட் ஹேண்ட்ல நல்லா கிடைக்குதே. அது போதாதா?"

"போடா, அது பத்து வருஷப் பழசு. அதை எடுத்துட்டு மண்டபத்துக்குப் போனா எவன் மதிப்பான்?"

வாங்கிவிட்டான். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி... தவணை ஒழுங்காகப் போயிற்று. ஆடி வந்தது. ஆடியில் ஏது கல்யாணம்? ஆனால் தவணைக்கு ஆடி மாதம் தெரியாதே! தேதி வந்தால் பணம் கட்டியாக வேண்டும். கல்யாணம் இல்லாத நாட்களில் வேறு வேலைக்குப் போனான். வேலைக்குப் போன நாட்களில் வகுப்புக்கு வரவில்லை. வருகைப் பதிவு குறைந்தது. இரண்டு பாடத்தில் அரியர் விழுந்தது. அவனுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "எழுதுடா, அடுத்தவனாவது யோசிக்கட்டும்" என்று சொன்னவனே அவன்தான்.

அவனைக் குறை சொல்ல நான் பேனா எடுக்கவில்லை. என் கேள்வி வேறு. ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஷாஃப்டின் விட்டத்தை வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுக்காமல் ரெக்கார்டில் எழுதினால் சார் நோட்டைத் தூக்கி எறிவார். அப்படிப் படிக்கிற நாம், ஒரு வருடத் தவணை கட்டி வாங்குகிற பொருளை அளந்து பார்த்தா வாங்குகிறோம்? யூடியூபில் யாரோ பத்து நிமிடம் பேசியதைக் கேட்டு வாங்குகிறோம். ஆகவே, இந்த இரண்டு கேமராக்களையும் நம் படிப்பை வைத்தே ஒரு முறை அளந்து பார்ப்போம் வாருங்கள்.

கண்ணாடி இல்லாத கேமரா

முதலில் இந்த 'மிரர்லெஸ்' என்றால் என்ன? பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்சுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புவது அதன் வேலை. படம் எடுக்கும் நொடியில் அது 'டப்' என்று மேலே எழும். அப்போதுதான் ஒளி சென்சாரில் விழும். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, சென்சார் பார்ப்பதை அப்படியே ஒரு சிறிய மின்திரையில் நமக்குக் காட்டுவது மிரர்லெஸ். 2008-இல் பானாசோனிக் ஜி1 வந்தபோது இந்த வகை சூடு பிடித்தது. சோனி தன் 'இ-மவுண்ட்' வரிசையை 2010-இல் தொடங்கியது. அதே வரிசையில் 2014-இல் வந்தது ஆல்ஃபா 6000. 2019-இல் வந்தது ஆல்ஃபா 6400. நம் வழக்கின் வாதியும் பிரதிவாதியும் இவர்கள்தான்.

எது மாறவில்லை?

விளம்பரத்தில் எது மாறியது என்றுதான் போடுவார்கள். எது மாறவில்லை என்று நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

6000-இன் சென்சார் 24.3 மெகாபிக்சல். 6400-இன் சென்சார் 24.2 மெகாபிக்சல். ஐந்து வருடத்தில் ஏறியது ஒன்றுமில்லை, கணக்குப்படி 0.1 குறைந்திருக்கிறது! சென்சாரின் அளவு இரண்டிலும் 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ. தொடர்ந்து எடுக்கும் வேகம் இரண்டிலும் விநாடிக்கு 11 படம். பேட்டரி இரண்டுக்கும் ஒன்றே. இதைக் கழற்றி அதில் போடலாம். லென்ஸ் மாட்டும் வாயும் ஒன்றே. கை நடுக்கத்தைச் சமாளிக்க சென்சாரையே அசைத்துக் கொடுக்கும் வசதி இரண்டு உடலிலும் கிடையாது; அந்த வேலையை லென்ஸ்தான் செய்ய வேண்டும்.

நானும் இரண்டு நண்பர்களும் ஒரு சோதனை செய்தோம். இரண்டு உடலிலும் ஒரே லென்சை மாற்றி மாற்றி மாட்டி, ஸ்டாண்டில் வைத்து, ஒரே அப்பர்ச்சர், ஒரே ஷட்டர், ஒரே ஐ.எஸ்.ஓ.வில் நம் லேபின் ஆசிலோஸ்கோப்பைப் படம் எடுத்தோம். பிரிண்ட் போட்டு, பின்பக்கம் மட்டும் குறியிட்டு, வகுப்பில் சுற்றுக்கு விட்டோம். "இதுதான் புதுசு, பார்த்தாலே தெரியுதே!" என்று அடித்துச் சொன்னவர்களில் சரியாகச் சொன்னவர்களும் உண்டு, தப்பாகச் சொன்னவர்களும் உண்டு. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே கதைதான். மிக இருட்டில், ஐ.எஸ்.ஓ.வை மிக உயர்த்தி எடுத்தால் புதியதில் புள்ளிகள் கொஞ்சம் குறைவு என்பது உண்மை. ஆனால் கல்யாண ஆல்பம் அளவில் அதைக் கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி வேண்டும்.

எது மாறியது?

நீதிபதி ஒரு பக்கமே பேசக்கூடாது. புதியதன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அது சின்ன நியாயமும் அல்ல.

முதலாவது, ஃபோகஸ். இரண்டிலும் சென்சாரின் மேலேயே ஃபோகஸ் அளக்கும் புள்ளிகள் பதித்திருக்கிறார்கள். பழையதில் 179, புதியதில் 425. இந்த எண்ணிக்கை கூடியதைவிட, அந்தப் புள்ளிகள் தரும் தகவலைக் கேமரா என்ன செய்கிறது என்பதில்தான் பெரிய மாற்றம். பழையதிலும் கண்ணைத் தேடும் வசதி உண்டு; ஆனால் அதற்கென ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், ஆளும் அசையாமல் இருக்க வேண்டும். புதியது தானே முகத்தைக் கண்டுபிடிக்கும், கண்ணைப் பிடிக்கும். ஆள் நடந்தாலும் திரும்பினாலும் விடாது.

கல்லூரிகளுக்கிடையேயான கபடிப் போட்டியில் இரண்டையும் ஓட விட்டோம். ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போய், கை நீட்டி, சுழன்று திரும்பி ஓடிவருகிற வரை புதியது அவன் முகத்தை ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒத்துக்கொள்கிறேன், அங்கே புதியதற்குத்தான் கப்! பழையதை வைத்துக்கொண்டு நாங்கள் வேறு தந்திரம் செய்தோம். ரெய்டர் எப்படியும் நடுக்கோட்டுக்குத் திரும்பித்தானே ஆக வேண்டும்? கோட்டின் மேல் முன்கூட்டியே ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கோட்டைத் தொடும் அந்த நொடி கிடைத்தது. ஆனால் ஆட்டத்தின் நடுவே நடந்த பிடியெல்லாம் கிடைக்கவில்லை. அது உண்மை.

இரண்டாவது, வீடியோ. பழையது எடுப்பது ஃபுல் எச்.டி.; புதியது 4கே-யும் எடுக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் நாலு மடங்கு பிக்சல். பழையதில் ஒரே ஓட்டமாக 29 நிமிடம்தான் பதிவாகும். புதியதில் அந்த வரம்பு இல்லை. பழையதில் சாதாரண மைக்கைச் சொருகத் துளை இல்லை, புதியதில் உண்டு. பழையதன் திரையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. புதியதில் தொட்ட இடத்தில் ஃபோகஸ் வரும், திரையும் முன்பக்கம் பார்க்கத் திரும்பும். ஆண்டு விழா நாடகத்தை முழுசாகப் பதிவு செய்ய வேண்டும், தலைவர் உரை தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் இவையெல்லாம் சொகுசு இல்லை, தேவை.

ஆனால் இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 4கே-யில் விநாடிக்கு 100 மெகாபிட் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். மூணு மணி நேர முகூர்த்தத்துக்கு 135 ஜிகாபைட்! கார்டு வாங்க வேண்டும், ஹார்டு டிஸ்க் வாங்க வேண்டும். எடிட் செய்யும்போது நம் பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். அதையும் மாற்ற வேண்டும். தவணை ஒன்றாகத் தொடங்கி மூன்றாக முடியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஃபோகஸில் வந்த இந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு கணிப்பொறிக் கட்டளைகளால் வந்தது. 2017-இல் வெளிவந்த சோனி ஆல்ஃபா 9 கேமராவுக்கு, 2019 மார்ச்சில் ஒரு புதிய மென்பொருளைக் கொடுத்தே இந்தத் தொடர் ஃபோகஸைக் கொண்டுவந்தார்கள். அதே கேமரா, அதே சென்சார்; ஒரு ஃபைலை ஏற்றியதும் புது ஆளாகிவிட்டது. 6000-க்கு அந்த வசதி வரவில்லை. பெட்டி ஒன்றாக இருந்தாலும் உள்ளே எழுதும் கட்டளைதான் மதிப்பைக் கூட்டுகிறது என்பதை, மைக்ரோபிராசஸர் பேப்பருக்குப் பயந்து நடுங்கும் என் துறை நண்பர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்!

ஒளிக்கணக்கு

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

மண்டபத்தில் நம் எதிரி யார்? இருட்டு. கேமராவோடு வரும் 16–50 லென்சை 50 மி.மீ.க்குக் கொண்டு போனால் அதன் அதிகபட்சத் திறப்பு எஃப் 5.6. அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்சைப் போட்டால்? ஒளியின் அளவு எஃப் எண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்தால் 3.11. அதன் வர்க்கம் 9.7. கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி!

அதாவது, உடன் வந்த லென்சில் ஐ.எஸ்.ஓ. 6400 வைக்க வேண்டிய இடத்தில், இந்த லென்சில் 640 வைத்தால் போதும். அல்லது 1/30 விநாடியில் ஆடிப்போகும் படத்தை 1/250-இல் நிறுத்தி எடுக்கலாம். புது உடல் எதுவும் இந்தப் பத்து மடங்கைத் தராது. ஒரு சின்ன லென்ஸ் தருகிறது. பழைய உடலில் மாட்டினாலும் தருகிறது!

இதிலும் குறை இல்லாமல் இல்லை. எஃப் 1.8-இல் எடுத்தால் ஒருத்தர் முகம்தான் தெளிவாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் மாமா மங்கலாகிவிடுவார். மேடையில் இருபது பேர் நிற்கும் குரூப் படத்துக்கு 50 மி.மீ. ஒத்துவராது, பின்னால் நகர்ந்து நகர்ந்து பந்திக்கே போய்விடுவீர்கள். அதற்கு உடன் வந்த லென்ஸும் ஒரு ஃபிளாஷும் வேண்டும். ஆனால் புதிய உடலின் விலைக்குள் பழைய உடலும், இந்த லென்ஸும், ஒரு ஃபிளாஷும் அடங்கும்படி தேடினால் கிடைக்கிறது. நான் தேடிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு சேதி

கண்ணாடியை எடுத்ததில் இன்னொரு லாபமும் உண்டு. அது உங்களுக்குப் பிடிக்கும். கண்ணாடி இருந்த காலத்தில் அது எழுந்து இறங்க இடம் வேண்டுமென்பதால் லென்ஸ் வாயிலிருந்து சென்சார் வரை நிறைய இடைவெளி விட்டார்கள். நிக்கானில் 46.5 மி.மீ., கேனானில் 44 மி.மீ. சோனி இ-மவுண்டில் வெறும் 18 மி.மீ.!

ஃபிலிம் காலத்தில் திருகி மாட்டும் லென்சுகள் ஏராளமாக வந்தன. விட்டம் 42 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ.; நம் பாஷையில் எம்42. அந்த லென்சுக்குத் தேவையான தூரம் 45.46 மி.மீ. அதிலிருந்து 18-ஐக் கழித்தால் 27.46. சரியாக 27.46 மி.மீ. உயரத்தில் ஒரு வளையம் இருந்தால், தாத்தா காலத்து லென்ஸ் இந்த கேமராவில் உட்கார்ந்துவிடும். வளையம் கொஞ்சம் உயரம் கூடிவிட்டால் தூரத்து மலை ஃபோகஸுக்கே வராது. குறைந்துவிட்டால் முடிவிலியைத் தாண்டிப் போகும். லேத்தில் ஓர் அலுமினியத் துண்டைப் பிடித்து, முகம் சீவி, உள்மரை வெட்டி, மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். கேமரா பக்கத்துப் பூட்டு மட்டும் கொஞ்சம் சிரமம். அதற்குக் கடையில் விற்கும் வளையத்தின் அடிப்பாகத்தைக் கழற்றிக்கொள்ளலாம். இந்த லென்சில் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். திருப்பினால் என்ன? நாம் எதற்குக் கை வைத்திருக்கிறோம்? இதைவிட நல்ல ப்ராஜெக்ட் எனக்குத் தெரியாது!

பழசு வாங்கும்போது

பழையது வாங்கச் சொல்லிவிட்டு ஏமாற விட்டால் பாவம் என்னைச் சேரும். ஆகவே நாலு சோதனை. ஒன்று, லென்சை எஃப் 16-க்குக் கொண்டுபோய் வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள்; சென்சாரில் தூசோ கீறலோ இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். இரண்டு, மூடியைப் போட்டுவிட்டு சில விநாடிகள் திறந்து எடுங்கள்; கறுப்புப் படத்தில் சிவப்பு, நீலப் பொட்டுகள் மின்னினால் அவை கெட்ட பிக்சல்கள். மூன்று, லென்சை மாட்டி மெல்ல ஆட்டிப் பாருங்கள். வாய் தளர்ந்திருந்தால் வேண்டாம். நான்கு, பேட்டரி உப்பியிருக்கிறதா, ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால் டீ குடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பில்லும் சீரியல் எண்ணும் இல்லாத கேமராவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது எவன் வயிற்றில் அடித்து வந்ததோ!

தீர்ப்பு

வீடியோவே தொழில் என்று முடிவு செய்தவர்கள், விளையாட்டுப் படமே உயிர் என்பவர்கள், கையில் ரொக்கம் இருந்தால் புதியதை வாங்குங்கள். கொடுத்த காசுக்கு அது உழைக்கும். நம்மைப் போல் கற்றுக்கொள்கிறவர்களுக்கு, ஃபோட்டோ மட்டும் எடுப்பவர்களுக்கு, வாரத்தில் ஒரு நாள் மண்டபத்துக்குப் போகிறவர்களுக்குப் பழைய உடலும் நல்ல லென்ஸும் போதும். உடல் வருடா வருடம் விலை இறங்கும். நல்ல லென்ஸ் அத்தனை சீக்கிரம் இறங்காது. "புதுசு இருந்தாத்தான் மதிப்பு" என்று சொல்லாதீர்கள். 2023-இல் ஆல்ஃபா 6700 வந்துவிட்டது. அதில் சென்சார் அசையும் வசதியும் பெரிய பேட்டரியும் இருக்கின்றன. என் நண்பன் தவணை கட்டிய புதுசும் இப்போது பழசுதான்! தவணை கட்டி மதிப்பைத் துரத்தினால் நமக்கு மூச்சு வாங்குமே தவிர, மதிப்பு நிற்காது.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் எல்லோரும் சந்தா கட்டுகிறோம். அந்தப் பணத்தில் ஒரு பழைய உடலும், ஒரு 50 மி.மீ. லென்ஸும், ஒரு ஃபிளாஷும் சங்கத்தின் பெயரில் வாங்குங்கள். நூலகப் புத்தகம் போல ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு நாளைக்கு மாணவர்களுக்குக் கொடுங்கள். உடைத்தால் அபராதம் போடுங்கள். ப்ராஜெக்ட் படம், விளையாட்டு விழா, இந்த மலரின் அட்டைப்படம் எல்லாவற்றுக்கும் அது உதவும். ஒரு முகூர்த்தத்துக்கு எடுத்துப் போய் நாலு காசு சம்பாதிக்கும் தம்பி, திரும்பக் கொண்டு வரும்போது சிறு தொகை உண்டியலில் போடட்டும். அடுத்த லென்சுக்கு அது ஆகும். இது போன வருடம் இருந்திருந்தால், என் நண்பன் ஆடி மாதத்தில் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

அவன் அந்த இரண்டு அரியரையும் இந்த முறை எழுதுகிறான். தவணை இன்னும் இரண்டு பாக்கி. அவனுக்கு நோட்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இதை எழுதி முடிக்கிறேன். சங்கச் செயலாளர் அண்ணன் இந்தப் பக்கத்தைப் படித்தால், அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுபொருளாக வையுங்கள். கை தூக்க நாங்கள் இரண்டு பேர் கட்டாயம் வருகிறோம். நீங்களும் வாருங்கள் நண்பர்களே!